முப்பத்தெட்டு கிலோ

கட்டபெட்டு வளைவுக்குக் கீழே எங்கள் தேயிலைத் தொழிற்சாலை.
எடைமேடைக்குப் பின்னால்
சாக்கு அடுக்கும் அறையில் கணினி.
கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால்
ஒரு கிளாஸ் டீக்குத் தூள் விழும்.

நான் வேலைக்கு வருமுன் யாரோ எழுதிய நிரல்.
அதில் இரண்டு வரி.
போஜன் கணக்கில் முப்பத்தெட்டைக் கழி.
மாசி கணக்கில் முப்பத்தெட்டைக் கூட்டு.
அண்ணன், தங்கை. ஒரே சரிவு, ஒரே வண்டி.
செவ்வாய்க்குச் செவ்வாய் தங்கையின் பங்கு பிரியும்.

முதல் வரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
கண் இமைக்கும் நேரம்கூடக் கிடையாது.
அதற்குள், ஒரு ஐப்பசி மழையில்,
எங்கோ ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தது.

கரண்ட் வந்தபோது
அண்ணனிடம் இல்லை. தங்கையிடமும் இல்லை.
இலை மட்டும் இருந்தது.
வாடல் தொட்டியில், பிறகு உருளையில்,
விடிவதற்குள் கறுத்துத் தூளாகி மூட்டையில்.
கணக்கில் வராத அந்தத் தேயிலையை
யாரோ எங்கோ சர்க்கரை போட்டுக் குடித்திருப்பார்கள்.

கழித்தாயிற்று என்றார் போஜன், சீட்டைக் காட்டி.
வரவே இல்லை என்றார் மாசி, பாஸ்புக்கைக் காட்டி.
இரண்டும் உண்மை.
மேனேஜர் பாதிப்பாதி என்று தீர்க்கப் பார்த்தார்,
யாரும் கையெழுத்துப் போடவில்லை.
ஹெத்தை ஹப்பாவில் ஒரே கூட்டத்தில்
வெள்ளை உடுத்தி இரண்டு ஓரமாக நின்றார்கள்.
இரண்டு வருடம்.
பங்கு மட்டும் செவ்வாய் தவறாமல் பிரிந்தது.

நான் செய்தது பெரிய காரியமில்லை.
மேலே ஒரு பிகின், கீழே ஒரு கமிட்.
நடுவில் எது அறுந்தாலும்
கழித்தது கழித்தவரிடமே போகட்டும்.
பாதி என்று ஒன்று வேண்டாம்.

எடை போடும் ராக்கப்பன் நம்பவில்லை.
"பிடுங்கிப் பாரு."
பதினோரு தடவை பிளக்கைப் பிடுங்கினேன்.
ஒவ்வொரு தடவையும் அது எழுந்து
தன் குறிப்பேட்டைப் புரட்டி
முடியாததை அழித்துவிட்டு
ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றது.
இலையை அப்படிச் செடிக்குத் திருப்ப முடியாது,
எண்ணை முடியும்.
அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

பிறகு ஒரு தை மாதச் செவ்வாய்.
உள்ளே கமிட் ஆகிவிட்டது.
ஆயிற்று என்று திரை வாயெடுப்பதற்குள்
கரண்ட் போனது.
ராக்கப்பன் என்ன செய்வார் பாவம்,
இன்னொரு தடவை அடித்தார்.
மாசிக்கு எழுபத்தாறு கூடியது,
போஜனுக்கு எழுபத்தாறு குறைந்தது.
இரண்டு தடவையும் முழுசாக,
என் பிகினுக்கும் கமிட்டுக்கும் நடுவே
ஒரு கீறல்கூட இல்லாமல்,
தப்பு.

கண்டுபிடித்தது நானில்லை.
மாசி வந்து பாஸ்புக்கைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.
"முப்பத்தெட்டு அதிகமா இருக்கு.
அந்த வாரம் உறைபனி, செடியெல்லாம் கருகிக் கிடந்துச்சு.
இவ்வளவு வராது. இது அவனோடது."

திருப்பிவிடுகிறேன் என்று இரண்டு வரியும் அடித்து
கமிட்டுக்கு விரலைக் கொண்டுபோனேன்.
"இரு. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.
அப்புறம் போடு."
செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

திறந்தது திறந்தபடி.
இரண்டு கணக்கும் பூட்டில்.
பூட்டைப் பிடித்துக்கொண்டு ஆளுக்காகக் காத்திருக்காதே
என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம்.
காத்திருந்தேன்.
போஜனின் வண்டி வந்து எடைமேடையில் நின்றது,
திரை நகரவில்லை என்று ராக்கப்பன் கத்தினார்.
நாற்பது நிமிடம்.
மஞ்சு இறங்கி முதலில் வேலி போனது,
பிறகு வண்டி, பிறகு ராக்கப்பன்.

மேலே ரோட்டில் பேச்சு கேட்டது.
திட்டுதான்.
ஆனால் இரண்டு குரல்.

கமிட் அடித்தேன்.
சீட்டு எண்ணைச் சரிபார்க்கும் வரியை
நாளைக்கு எழுத வேண்டும்.